எல்லாம் சேர்த்து எவ்வளவு?

கரீபியன் கடல் என்று ஒரு கடல் இருக்கிறது. இருபது வருஷமாகப் பூகோள பாடம் சொல்லிக் கொடுத்து வரும் எனக்கு, அது சுவரில் தொங்கும் தேசப்படத்தில் ஒரு நீலத் திட்டு. அதற்கு மேல் அதனோடு பழக்கமில்லை. ஆனால் என் மனைவியின் தம்பிக்கு அப்படியல்ல. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் அவன் சென்ற குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஜமைக்காத் தீவுக்குப் போய் ஏழு நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறான். இந்தக் கோடை விடுமுறைக்கு ஆரணியில் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த ஏழு நாட்களைப் பற்றியேதான் பேச்சு.

"மாமா! போன உடனே கையிலே ஒரு பட்டையைக் கட்டி விடுகிறார்கள். அதற்கப்புறம் பணப்பையைத் தொடவே வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவிலே பலகாரம், பானங்கள், படகு, குழந்தைகளுக்கு விளையாட்டு, ராத்திரி பாட்டுக் கச்சேரி, எல்லாம் முன்பே கட்டிய பணத்தில் அடக்கம்!" என்றான்.

எனக்கு இது புதுச் செய்தியல்ல. 1950-ஆம் வருஷத்தில் பெல்ஜியம் தேசத்து ஜெரார் பிளிட்ஸ் என்பவர் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்காத் தீவில் கூடாரங்களை அடித்து, 'ஒரே தொகை கொடுங்கள், மற்றதை மறந்து விடுங்கள்' என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தார். மகா யுத்தத்தில் களைத்துப்போன ஐரோப்பிய ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பிறகு அந்த யோசனை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிற்று. 1981-இல் ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் 'ஸாண்டல்ஸ்' என்ற விடுதி இவ்விதமே திறக்கப்பட்டது. இப்போது கரீபியன் தீவுகளில் இத்தகைய விடுதிகள் கடற்கரை நெடுக இருக்கின்றன.

நான் சும்மா இருக்கவில்லை. ஜூன் முதல் நவம்பர் வரையில் அங்கே புயற்காலம் என்று சொன்னேன். 2011-ஆம் வருஷம் முதற்கொண்டு சர்காஸம் என்னும் கடற்பாசி குவியல் குவியலாய்க் கரையில் ஒதுங்கி நாறுகிறது என்று சொன்னேன். ஜமைக்காவில் 1956-ஆம் வருஷத்துக் கடற்கரைச் சட்டத்தின்படி, அந்நாட்டுக் குடிமக்களுக்கே கடற்கரையில் இறங்கிக் குளிக்கப் பொதுவான உரிமை கிடையாது என்றும், விடுதியின் வேலிக்கு அப்பால் நின்று தங்கள் சொந்தக் கடலைப் பார்க்கவேண்டிய செம்படவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அதே கரீபியனில் உள்ள மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்கு 1853, 1854 வருஷங்களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம் தமிழ் ஜனங்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிய கதையையும் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது என் மனைவி உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏண்டா தம்பி, அந்த ஏழு நாளும் உன் பெண்டாட்டி அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லையா?"

"எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அக்கா!"

"கொடுத்து வைத்தவள்" என்றாள். என் சரித்திரம், பூகோளம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போயின.

"நம் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இல்லையா?" என்று அவன் கேட்டான். ரோஷத்தில், "ஏன் இல்லை? ஜமுனாமரத்தூர் இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்; அதற்குள் குழந்தைகள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஜமுனாமரத்தூர் ஜவ்வாது மலையின் மேல் இருக்கிறது. திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தது. போளூரிலிருந்து அத்திமூர் வழியாக மலை ஏறவேண்டும். சுமார் 40 கிலோமீட்டர். பஸ் போகிறது. திருப்பத்தூர், ஆலங்காயம் பக்கமிருந்தும் வழி உண்டு. நாங்கள் புறப்பட்டது மே மாதம். கீழே சமவெளியில் வெயில் எப்படிக் காய்ந்தது என்பதை வேலூர், ஆரணிப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, முதலில் காற்றின் வாசனை மாறிற்று. பிறகு அதன் சூடு தணிந்தது. கடைசியில் குழந்தைகளின் சச்சரவும் ஓய்ந்தது. ஒரு குழந்தைக்கு மட்டும் தலை சுற்றி வாந்தி வந்தது. எலுமிச்சம்பழம் எடுத்துப் போகாதது என் தவறு.

உதகமண்டலத்தையோ கொடைக்கானலையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஜமுனாமரத்தூர் ஒரு சின்னக் கடைவீதி, சில ஸர்க்கார் காரியாலயங்கள், டீக்கடைகள், பஸ் நிற்கும் இடத்தில் பலாப்பழமும் தேனும் விற்கும் பெண்கள். கோமுட்டேரி என்ற ஏரியில் படகு விடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் பீமன் அருவி. மழைக்குப் பின் வந்தால் அது அருவி, மே மாதத்தில் வந்தால் பாறை. நாங்கள் பாறையைத்தான் பார்த்தோம். மைத்துனன் மரியாதைக்காக அதையும் படம் பிடித்துக்கொண்டான். பகலில் வெயில் இருக்கத்தான் செய்கிறது; ஆனால் பொழுது சாய்ந்தால் போர்வை தேவைப்படுகிறது. அதற்காகவே மலை ஏறலாம்.

ஜாகை விஷயம்தான் முக்கியம். வனத்துறையாரின் விடுதி ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தனியார் விடுதிகளும் சில உண்டு. அவசரத்தில் கிளம்பிய நாங்கள் இந்த மலையிலேயே ஒரு தனியார் விடுதியை அமர்த்திக்கொண்டோம். பெயர் வேண்டாம். டெலிபோனில் பேசியபோது, "எல்லாம் சேர்த்துத்தான் ஸார், நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்" என்றார்கள். கரீபியன் இங்கேயே வந்துவிட்டது என்று மைத்துனன் சந்தோஷப்பட்டான்.

வேலி, கதவு, கதவண்டை காவற்காரர். அறைகள் சுத்தமாகவே இருந்தன. குழாயில் மட்டும் இரண்டு வேளைக்கு ஒரு வேளை தண்ணீர் வரவில்லை. சாப்பாடு வேளை தவறாமல் வந்தது. காலையில் ரொட்டித் துண்டும் ஜாமும், மத்தியானம் சாதம், சாம்பார், இரவில் நூடுல்ஸ். ரொட்டி கீழேயிருந்து வந்தது. காய்கறி கீழேயிருந்து வந்தது. ரொட்டியோடு வைத்த சின்னஞ்சிறு பொட்டலத்துத் தேன்கூட எங்கேயோ வடநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதே சமயத்தில் கதவுக்கு வெளியே ஒரு கிழவர் இரண்டு புட்டி மலைத்தேனை வைத்துக்கொண்டு, உள்ளே வரக் கூடாது என்ற உத்தரவின் பேரில், வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் போய் ஒரு புட்டி வாங்கி வந்தேன். 'வெளிப் பதார்த்தங்களை உள்ளே கொண்டுவரக் கூடாது' என்று எழுதியிருந்த பலகையைக் காவற்காரர் காட்டினார். பிறகு என் நரைத்த தலையைப் பார்த்து இரங்கி விட்டுவிட்டார்.

இதையெல்லாம் குற்றமாக நான் அடுக்கிக்கொண்டு போனபோது, என் மனைவி குறுக்கிட்டாள். இரண்டு நாளாக அவள் காலை ஏழு மணி வரையில் தூங்கினாள். எங்களுக்குக் கலியாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கண்டிராத காட்சி அது. "சாப்பாட்டில் ருசி இல்லை என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் நான் சமைக்காத சாப்பாடு என்ற ருசி அதில் இருக்கிறதே! அது உங்களுக்குத் தெரியாது" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். விடுதிகளைப் பற்றி ஆண்கள் எழுதும் மதிப்புரைகளில் இந்த ஒரு விஷயம் எப்போதும் விட்டுப்போகிறது.

மூன்றாம் நாள் கிராமத்துப் பக்கம் நடந்தோம். ஜவ்வாது மலையில் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரள தேசத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு என்று மலையை நாடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். முக்கியமான விளைச்சல் சாமை. நாங்கள் போனபோது நிலம் அறுவடை முடிந்து, அடுத்த மழைக்காக வெறுமையாய்க் கிடந்தது.

இந்த மலைக்கு ஒரு பழைய வழிகாட்டிப் புஸ்தகம் உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பத்துப்பாட்டில் கடைசியாக உள்ள மலைபடுகடாம், 583 அடிகள் கொண்டது. செங்கண்மாவில், அதாவது இந்த மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் இன்றைய செங்கத்தில், இருந்து ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் சொன்ன வழிக்குறிப்பு அது. எந்த இடத்தில் பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் படாமல் எப்படிப் போவது, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் மைத்துனன் தேடிய 'எல்லாம் அடக்கம்' ஏற்பாடுதான். ஆனால் கைப்பட்டை இல்லை, முன்பணமும் இல்லை. போனவர்களை உறவினர்போல் உபசரிப்பார்கள் என்று புலவர் தைரியமாகச் சொல்லுகிறார். சேயாறும் அதில் வருகிறது. ஜவ்வாது மலையில் பிறந்து இன்றும் செங்கத்தை ஒட்டி ஓடும் ஆறு அதுதான்.

வகுப்பில் பல தடவை இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த உபசாரத்துக்குப் பின்னால் உரல், உலக்கை, விறகு, குடம் இவற்றோடு ஒரு பெண்பிள்ளை நின்றிருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

கிராமத்தில் ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்தோம். பேச்சுவாக்கில், "சாமைச் சோறு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்றேன். அந்த வீட்டு அம்மாள், "நாளைக்கு வாங்க ஸார், ஆக்கிப் போடறேன்" என்றாள். எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டாள், விலை பேசவில்லை.

மறுநாள் போனோம். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரை, தேன் ஊற்றிய பலாச்சுளை. பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாத சாப்பாடு. அமெரிக்காவிலிருந்து வந்த குழந்தைகள் முதலில் முகம் சுளித்தன. பிறகு மறு சோறு கேட்டன. என் மனைவி மட்டும் பந்தியில் உட்காரவில்லை. வந்த சிறிது நேரத்துக்கெல்லாம் உள்ளே போய்விட்டாள். எட்டிப் பார்த்தால், அடுப்பண்டை குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்! "நீ ஓய்வெடுக்க அல்லவா வந்தாய்?" என்று கேட்டேன். "இவர்கள் மாத்திரம் ஓய்வெடுக்க வேண்டாமா?" என்றாள்.

சாப்பிட்டு முடிந்ததும் நான் அந்த அம்மாளிடம், "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். சாமை இவ்வளவு, மொச்சை இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு. சொன்ன தொகை என் காதில் விழுந்தவுடன், உள்ளூர எனக்கு ஒரு சந்தோஷம் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடுதியில் ஒருவருடைய ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அது காணாது. நாங்களோ ஏழு பேர். சட்டென்று பணத்தை எடுத்தேன்.

என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விறகு யார் கொண்டுவந்தது?" என்று அந்த அம்மாளைக் கேட்டாள்.

"நான்தான், அக்கா. காட்டிலே கிடைக்குதே, அதுக்கென்னா?"

"தண்ணீர்?"

"குழாய் நின்னு போச்சு. கிணத்திலே எடுத்தேன்."

"எத்தனை மணிக்கு எழுந்தாய்?"

அவள் சிரித்தாள். "கோழி கூவறதுக்கு முன்னாலே. சாமையை மில்லிலே குடுத்துத்தான் தீட்டினேன், அக்கா. எங்கம்மா காலத்திலேதான் உரல்லே குத்தணும். இப்போ சுளுவு."

இவை ஒன்றும் அவள் கணக்கில் ஏறவில்லை. என் மனைவி ஏற்றினாள். விடிவதற்கு முன்பிருந்து பிற்பகல் வரையில் ஒரு சமையற்காரருக்கு ஆரணியில் என்ன கூலியோ அதையும், விறகுக்கும் தண்ணீருக்கும் ஒரு தொகையையும் கூட்டினாள். அவள் சொன்ன மொத்தம் நான் எடுத்த பணத்தைப்போல் நான்கு மடங்கு. அந்த அம்மாள் வாங்க மாட்டேன் என்று மறுத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பெண்களும் விவாதித்தார்கள். கடைசியில், ஒரு படி சாமையையும் மடியில் கட்டிக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று நிபந்தனை போட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பி நடக்கையில் மைத்துனன், "இந்த இடத்தில் பெரிய ரிஸார்ட் ஒன்று கட்டினால் இந்த ஜனங்களுக்கு எவ்வளவோ வேலை கிடைக்குமே, மாமா!" என்றான். நியாயமான கேள்வி. இந்த மலையில் பிழைப்பு போதவில்லை. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி, ஆந்திர தேசத்தின் சேஷாசலக் காட்டில் போலீஸார் சுட்டு 20 பேர் மாண்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட அந்த இருபது பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. அந்தச் செல்வம் யார் யார் கைக்கோ போயிற்று. வேலை வேண்டாம் என்று சொல்ல, மாதச் சம்பளம் வாங்கும் நான் யார்?

ஆனால் எந்த மாதிரி வேலை? ரொட்டியும் தேன்பொட்டலமும் கீழேயிருந்து வருமானால், மலைக்காரருக்கு மிஞ்சுவது கதவண்டை நிற்கும் வேலையும் அறை பெருக்கும் வேலையுந்தான். மைத்துனனை நான் கேட்டேன்: "ஜமைக்காவில் ஏழு நாள் இருந்தாயே, ஜமைக்காக்காரர் வீட்டுச் சாப்பாடு ஏதாவது சாப்பிட்டாயா?" அவன் யோசித்தான். பஸ்ஸில் போகும்போது சாலையோரத்தில் புகை வரும் கடைகளில் கோழி வாட்டுவதைப் பார்த்ததாகவும், வாசனை நன்றாயிருந்ததாகவும், ஆனால் சாப்பாட்டுக்குத்தான் முன்பே பணம் கட்டியாயிற்றே என்று இறங்கவில்லை என்றும் சொன்னான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அதை அன்றிரவே கண்டோம். அன்று சனிக்கிழமை. காவலூருக்குப் போனோம். இதே மலையில், ஆலங்காயத்துக்கு அருகில், இப்போதைய திருப்பத்தூர் ஜில்லாவில் உள்ள வான ஆராய்ச்சி நிலையம் அது. 725 மீட்டர் உயரம். வைணு பாப்பு என்னும் விஞ்ஞானி இடம் தேடி அலைந்து இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். தெற்கு வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். பட்டணத்து வெளிச்சம் எட்டாத இருட்டு மற்றொரு காரணம். 1968-இல் ஒரு சிறிய தொலைநோக்கியோடு வேலை ஆரம்பமாயிற்று. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று 1977-இல் உலகம் அறிந்துகொண்டபோது, அதைக் கவனித்த கண்களில் காவலூரின் கண்ணும் ஒன்று. 1986 ஜனவரி 6-ஆம் தேதி அன்றைய பிரதம மந்திரி ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. பாப்பு 1982-இல் காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். சனிக்கிழமை மாலைகளில், மேகமில்லாவிட்டால், பொது ஜனங்களுக்குச் சிறிய தொலைநோக்கி ஒன்றில் காட்டுகிறார்கள். போகுமுன் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

சந்திரனின் பள்ளங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சாலையோரம் நின்றோம். குழந்தைகள் பேசவில்லை. மலையின் மேல் பகுதியில், தூரத்தில், ஒரே ஓர் இடத்தில் பளீரென்று வெளிச்சம் தெரிந்தது. யாரோ ஒருவருடைய புது விடுதி என்று டிரைவர் சொன்னார். நூறு அறை உள்ள மாளிகை ஒன்று எழும்பி இரவெல்லாம் விளக்குப் போட்டால், வான நூலாருக்கு இங்கே என்ன வேலை?

போக விரும்பும் குடும்பங்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அருவிக்காகப் போவதானால் ஐப்பசி, கார்த்திகை. குளிர்ச்சிக்கு மாத்திரம் என்றால் கோடையிலும் போகலாம். கோடை விழா நடக்கும் நாட்களில் கூட்டம் அதிகம், அந்நாட்களைத் தவிர்க்கவும். முழங்கால் வலி உள்ள பெரியோர்களை அழைத்துப் போகுமுன் குளியலறை எப்படிப்பட்டது என்று கேட்டு அறியவேண்டும். கீழ்த்தரமான குளியலறைகளை நான் கண்டேன். போர்வை, டார்ச் விளக்கு, எலுமிச்சம்பழம் மூன்றும் அவசியம். தங்குவதற்கு விடுதியும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கிராமத்து வீடும் என்று பிரித்து வைத்துக்கொள்வது உத்தமம். வீட்டில் சாப்பிடுவதானால் முதல் நாளே சொல்லவேண்டும். விலையை அவர்கள் சொல்லும்படி விடாமல், வீட்டுப் பெண்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மைத்துனன் அடுத்த வருஷம் மறுபடி கரீபியனுக்குப் போவதாகத்தான் இருக்கிறான். ஆனால் சாலையோரத்துக் கோழியை மட்டும் இந்தத் தடவை விடுவதில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறான். என் மனைவியும் அடுத்த கோடைக்கு ஜமுனாமரத்தூர் வரச் சம்மதித்திருக்கிறாள். முதல் இரண்டு நாள் அதே வேலி போட்ட விடுதி, ஏழு மணித் தூக்கம். பிறகு அந்த அம்மாள் வீடு. அங்கே சமைக்கும்போது விறகு தள்ளுவது நான். இந்த மூன்று நிபந்தனைகளையும் நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். மலையிலிருந்து கொண்டுவந்த தேன் புட்டி வரும் வழியில் உடைந்து என் துணிப்பெட்டியெல்லாம் ஊறிவிட்டது. எறும்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.